ஒரு சுற்று வெளியே

விமானத்தில் தூங்கத் தெரியாதவர்களுக்கு லண்டன் பாதிக் கனவாகத்தான் கிடைக்கும். நான் இறங்கியது நவம்பரில். விடிந்ததா இல்லையா என்று கடைசிவரை முடிவு செய்யாத வானம். மாலதியின் வீடு ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் இறங்கும் பாதைக்கு நேர் கீழே. சமையலறை ஜன்னலில் நின்றால் ஒவ்வொரு விமானமும் எதிர்வீட்டுப் புகைபோக்கியைத் தொட்டுவிடுவதுபோல் தாழ வந்து மூடுபனிக்குள் மறையும். சத்தம் கொஞ்சம் கழித்துத் தனியாக வரும். அதைப் பார்த்தபடியே முதல் காபியைக் குடித்தேன். சற்று முன்பு நானும் இப்படித்தான் யாருடைய காபிக்கு மேலேயோ பறந்து வந்திருப்பேன்.

வந்த காரியம் கேரம். எனக்குப் பெரம்பூரில் வங்கி வேலை. வாரக் கடைசிகளில் கேரம் நடுவர். ஹவுன்ஸ்லோத் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். சென்னையிலிருந்து நடுவர் வந்தால் சண்டை குறையும் என்று யாரோ சொல்ல, என்னை அழைத்தார்கள். அந்த யாரோ மாலதிதான். கல்லூரியில் நானும் அவளும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மகள் வேறு ஊரில் படிக்கிறாள்.

மாலதிக்கு நகரின் நடுவே ஒரு கேசினோவில் வேலை. போக்கர் சீட்டுப் போட்டிகளின் மேற்பார்வையாளர். மேசையில் தகராறு வந்தால் சீட்டுப் போடுபவர் 'ஃப்ளோர்!' என்று குரல் கொடுப்பார். இவள் போய்த் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"தரைன்னு கூப்பிடுறாங்க, நானும் திரும்பிப் பார்க்கிறேன்" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் நான் தனியாக ஊர் பார்க்கக் கிளம்பினேன். ஆற்றங்கரையில் நடந்தேன். ஆறு, பாலம், கட்டடம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒன்று முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் காலை நன்றாக மிதித்துவிட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நொண்டியபடி போனார். எங்கள் ஊர் மின்சார ரயிலில் இதற்குக் குறைந்தது இரண்டு ஸ்டேஷன் தூரத்துக்குப் பேச்சு கேட்டிருப்பேன்.

திரும்பும்போதுதான் தவறு நடந்தது. ஹவுன்ஸ்லோவுக்குப் போகும் ரயில் பாதை வரைபடத்தில் கருநீலக் கோடு. அந்தக் கோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று மாலதி சொல்லியிருந்தாள். அது பிரிந்த இடத்தில் நான் தூக்கத்தில் இருந்தேன். இருக்கையின் கதகதப்பு, ஈரக் கோட்டுகளின் வாசனை, தாலாட்டுப் போல ஆடும் பெட்டி. கண் விழித்தபோது வெளியே இருட்டியிருந்தது. பலகையில் ரெய்னர்ஸ் லேன் என்று எழுதியிருந்தது.

மாலதிக்குப் போன் செய்தேன். "ரெய்னர்ஸ் லேனா? நல்ல இடத்துலதான் தூங்கியிருக்கே. ஸ்டேஷனை விட்டு வெளியே வா. வரிசையில மூணாவது கடை, வாசல்ல முருங்கைக்காய் இருக்கும். சிவம் அண்ணை கடை. அங்கேயே உட்கார். அவர்கிட்ட நான் சொல்றன்" என்றாள். கடைசி வார்த்தை மட்டும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது.

கடையில் சாம்பல் நிற மஃப்ளர் சுற்றிய ஒருவர் கத்தரிக்காய்களைத் தடவித் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"மாலதியின்ரை சிநேகிதியோ? வாங்கோ, வாங்கோ. நித்திரை கொண்டிட்டியளாம்!"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அதுக்கென்ன, தங்கச்சி. இந்த ரயில் எல்லாரையும் ஒருக்கா இஞ்சை கொண்டுவந்து விடும். நானும் வந்த புதிசிலை இப்பிடித்தான் மாறி வந்தனான். பிறகு இஞ்சையே இருந்திட்டன்."

ஒரு மீன் ரோல்ஸைச் சூடாக்கிக் கொடுத்தார். மொரமொரப்பான தோலுக்குள் மிளகு போட்ட மீனும் உருளைக்கிழங்கும். கூடவே காகிதக் கோப்பையில் இஞ்சித் தேநீர். ரோல்ஸ் தீரும்வரை யாரிடமும் எதுவும் பேசாமல் சாப்பிட்டேன். அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. பிறகு கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, கொத்தமல்லி வாசனை அடிக்கும் வேனில் என்னை ஹவுன்ஸ்லோவரை கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "சனிக்கிழமை மாலதியின்ரை இடத்துக்கு வந்தியளெண்டால் என்னைப் பாப்பியள். நானும் சீட்டு விளையாடுறனான். மனுசிக்குப் பிடிக்காது. ஆனா விடுறா."

அன்று இரவு மாலதி சொன்னாள். கணவர் இறந்தபோது மகள் கைக்குழந்தை. சிவம் அண்ணைதான் கடைக்கு மேலிருந்த அறைகளைத் திறந்துவிட்டு இரு என்றார். அவள் ஷிப்டுக்குப் போன காலைகளில் அதே வேனில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர். "என் பொண்ணு ரொம்ப நாள் எல்லாருடைய அப்பாவும் கொத்தமல்லி வாசனைதான் அடிப்பாங்கன்னு நினைச்சிட்டு இருந்தா" என்றாள். பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த காலையில் கேரம்காரர்களிடமிருந்து போன். போட்டி நடக்கவிருந்த மண்டபத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தரையெல்லாம் நீர். போட்டி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. மனசைத் தேற்ற மாலதி என்னைச் சவுத்தாலுக்குக் கூட்டிப்போனாள். தெருவோரக் கொப்பரையில் ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தார்கள். குளிரில் கையுறையைக் கழற்றி, சூடான ஜிலேபியைக் கடித்து, விரலில் வழியும் பாகை நக்கிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் ஒரு பஞ்சாபித் தாத்தா தன் பேரனிடம் ஏதோ கோபமாகச் சொன்னார். மாலதி மொழிபெயர்த்தாள்: "அவசரப்படாதே, இது ஓடிப்போகாதுங்கிறார்." பேரன் அதற்குள் முடித்திருந்தான்.

"சும்மாத்தானே இருக்கே. நாளைக்கு என் வேலையைப் பார்க்க வா" என்றாள் மாலதி.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். மாடியில் ஒரு நீண்ட கூடம். ஜன்னல் கிடையாது. அடர்ந்த கம்பளம் காலடியை விழுங்கிவிடுகிறது. பச்சைத் துணி விரித்த மேசைகளைச் சுற்றி ஆட்கள். சிப்ஸ் என்றால் எனக்கு நேந்திரங்காய் வறுவல்தான். இங்கே அது பணத்துக்குப் பதிலாக நிற்கும் வண்ண வில்லை. ஒவ்வொருவரும் யோசிக்கும்போது அந்த வில்லைகளை விரல்களுக்கிடையே கலைத்துக் கலைத்து அடுக்குகிறார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் அதைச் செய்யும்போது எழும் ஓசை, தூறல் ஆரம்பிக்கும்போது தகரக் கூரையில் கேட்பது போலிருந்தது. மழை வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வருவதில்லை.

பார்வையாளர்களுக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு வெளியே நிற்கலாம். பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. நடுவராகவே இருந்து பழகியவளுக்கு அது கடினம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மொட்டைத் தலைக்காரர் கொஞ்சம் சிப்ஸை முன்னால் வைத்தார். எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்தார். கை திரும்பப் போய் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தது. 'ஃப்ளோர்!' மாலதி போனாள். கறுப்புக் கோட்டு, தலையை இறுக்கிக் கட்டிய கொண்டை. என்ன நடந்தது என்று சீட்டுப் போட்டவரிடம் மட்டும் கேட்டாள். இரண்டாவது தடவை வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். அந்த மனிதர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

இன்னொரு மேசையில் ஓர் இளைஞன் கை நிறைய சிப்ஸை எடுத்து மேசை நடுவே நீட்டினான். எதிராளி அவசரமாகத் தானும் சிப்ஸ் வைக்கப் போனதும் இவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவனுக்கு எச்சரிக்கை.

இடைவேளையில் எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்து மாலதி டிபன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம்.

"பொய் சொல்றதுதானே இந்த விளையாட்டே? அப்புறம் எதுக்கு எச்சரிக்கை?" என்று கேட்டேன்.

"சீட்டைப் பத்திப் பொய் சொல்லலாம். நல்லாவே சொல்லலாம், அதுதான் ஆட்டம். கையில ஒண்ணுமில்லாம ராஜா மாதிரி உட்காரலாம். ஆனா எவ்வளவு வைக்கிறே, வைக்கிறியா இல்லையாங்கிறதுல பொய் கூடாது. வாயால சொன்னா சொன்னதுதான். வைக்கிறதை ஒரே அசைவுல வைக்கணும். பெரிய சிப்ஸ் எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி முன்னால இருக்கணும்."

"வேணும்னு பண்றாங்களா, தெரியாமப் பண்றாங்களான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"கண்டுபிடிக்க மாட்டேன். மனசு எனக்குத் தெரியாது. கை தெரியும்."

சனிக்கிழமை ஆட்கள் குறைந்து இரண்டு மேசைகள் மிஞ்சியிருந்தன. அதில் ஒன்றில் சிவம் அண்ணை. மஃப்ளரை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். கடையில் பார்த்த சிரிப்பு முகத்தில் இல்லை. எந்த உணர்ச்சியும் இல்லாத, நான் பார்த்தறியாத ஒரு முகம். அவர் ஆடுவதை மாலதி மேலாளரிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் இருக்கும் மேசையை இன்னொரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்று அந்த மேற்பார்வையாளருக்குக் காய்ச்சல். மாலதி மட்டும்தான்.

சிவம் அண்ணைக்கு எதிரே ரூத் என்ற நர்ஸ். மாலதி அவளைப் பற்றிச் சொல்லியிருந்தாள்: ஆஸ்பத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்து ஆடுகிறவள். சளி பிடித்திருந்தது, துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆடினாள். ஆடும்போது யாருடனும் பேசவில்லை.

நான் கயிற்றுக்கு வெளியே, சிவம் அண்ணைக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் நின்றேன். தூக்கம் இன்னும் சரியாகாத நேரம். அந்தத் தகரக் கூரைத் தூறலைக் கேட்டபடி கிட்டத்தட்ட நின்றுகொண்டே தூங்கினேன். இருந்தாலும் கேரம் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். விரல் அசைந்தால் விழித்துக்கொள்ளும்.

எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளில் நாலாவது மேசை நடுவே திறந்திருந்தது. கடைசிச் சீட்டு வரவேண்டும். எல்லோரும் சீட்டுப் போடுபவரின் கையைப் பார்த்தார்கள். அப்போது சிவம் அண்ணையின் இரண்டு விரல்கள் மூன்று பழுப்பு நிறச் சிப்ஸை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தன. அவருடைய இடது முழங்கை வந்து அவற்றுக்கு முன்னால் படிந்தது. முன்னால் பச்சைச் சிப்ஸ் மட்டும், ஒரு குட்டிச் சுவர் போல. பச்சை சிறிய மதிப்பு. பழுப்புதான் பெரியது. கடைசிச் சீட்டு திறந்தது.

"ஓல் இன்" என்றார் சிவம் அண்ணை. தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் வைக்கிறேன் என்று அர்த்தம்.

ரூத் மூக்கைத் துடைத்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டாள்.

சீட்டுப் போடும் பையன் எட்டிப் பச்சையை எண்ணிச் சொன்னான். சிவம் அண்ணை எதுவும் சொல்லவில்லை. ரூத் கொஞ்ச நேரம் தன் சீட்டையும் அவர் முகத்தையும் பார்த்தாள். போனால் சின்ன இழப்புதானே என்ற கணக்கு அவள் முகத்தில் ஓடியது. "சரி, பார்க்கிறேன்" என்றாள். அதே தொகையைத் தானும் வைக்கிறேன் என்று அர்த்தம்.

சீட்டுகள் திரும்பின. சிவம் அண்ணையின் சீட்டு பெரியது. அவர் முழங்கையை எடுத்தார். மூன்று பழுப்புச் சிப்ஸ்.

அவற்றையும் சேர்த்தால் ரூத்திடம் இருக்கும் அத்தனையும் போய்விடும். அவள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நான் எவ்வளவு என்று கேட்டேனே" என்றாள் ரூத். கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டாள்.

'ஃப்ளோர்!'

மாலதி வந்தாள். சீட்டுப் போட்டவன் நடந்ததைச் சொன்னான். சிவம் அண்ணை நிதானமான ஆங்கிலத்தில் பேசினார்: "நான் எல்லாவற்றையும் வைக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துகொள்வது பார்க்கிறவரின் பொறுப்பு. தவறாக எண்ணியது நான் இல்லை. விதி அதுதான்."

"ஆமாம்" என்றாள் மாலதி. "அந்த விதி அப்படித்தான் சொல்கிறது."

ரூத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். சத்தமாகவே. "இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்."

மாலதி அவரைப் பார்க்கவில்லை. மூன்று பழுப்புச் சிப்ஸையும் பார்த்தாள். என்னையும் பார்க்கவில்லை. கேரம் மேசையாக இருந்தால் கையைத் தூக்கியிருப்பேன். இங்கே நான் கயிற்றுக்கு வெளியே நிற்கிற ஒரு ஆள். கையைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன்.

"ஆனால் அதற்கு மேலே இன்னொரு விதி இருக்கிறது" என்றாள் மாலதி. "எல்லா விதிக்கும் முன்னால் ஆட்டத்தின் நியாயம். பெரிய சிப்ஸ் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர் கேட்டார். நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். முன்னால் தெரிந்தது மட்டும்தான் இந்த ஆட்டத்தில் சேரும். இந்த மூன்றும் சேராது. உங்களுக்கு ஒரு சுற்று வெளியே."

சிவம் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அந்த உணர்ச்சியற்ற முகம் கலைந்தது. தமிழில், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பிள்ளை, நான் ஆரெண்டு உனக்குத் தெரியும்தானே?"

மாலதி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "மேசையில் ஆங்கிலம் மட்டும், சார்."

அவர் எழுந்தார். மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். கயிற்றைத் தாண்டி வந்து என் பக்கத்திலேயே நின்றார். வேறு இடம் இல்லை.

ஒரு சுற்று வெளியே என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ஆட்டம் நிற்பதில்லை. காலி நாற்காலிக்கு முன்னாலும் முறைப்படி இரண்டு சீட்டு விழுகிறது. தொடுவதற்கு ஆளில்லை. பையன் அதை எடுத்துக் கழித்த சீட்டுகளோடு சேர்த்துவிடுகிறான். அடுத்த ஆட்டத்தில் மறுபடி இரண்டு. மறுபடி எடுக்கிறான். அங்கே யாரோ இருக்கிறார்கள், நமக்குத்தான் தெரியவில்லை என்பதுபோல.

"நான் இல்லாட்டியும் எனக்குச் சீட்டுப் போடுறாங்கள், பாருங்கோ" என்றார் சிவம் அண்ணை.

நான் தலையசைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கள் முழுக்க இதிலைதான் நிண்டனீங்களோ, தங்கச்சி?"

"ஆமா, அண்ணே."

"ம்."

காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்று முடியப்போகும் நேரத்தில், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாதபடி சொன்னார்: "கடையிலை நான் அண்ணை. கோயிலிலை அண்ணை. செத்த வீடு, கலியாண வீடு எல்லாத்திலையும் அண்ணை. இந்த மேசையிலை மட்டும்தான் நான் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அது ஒரு சுகம்." மஃப்ளரைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

அதன்பின் அவர் ஒவ்வொரு முறையும் சிப்ஸைப் பிரித்து முன்னால் வைத்து, குரலை உயர்த்தித் தொகையைச் சொல்லி ஆடினார். நன்றாகவே ஆடினார். கடைசி மேசைக்குப் போவதற்குச் சற்று முன்பு தோற்றார். எழுந்து ரூத்திடம் கை நீட்டினார். அவள் சளி துடைத்த கையைக் காட்டி மறுத்தாள். சளிதான் காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கடைசி மேசை வரை போய் மூன்றாவதாக வந்தாள்.

வீடு திரும்பும் ரயிலில் மாலதி கொண்டையை அவிழ்த்துவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். சுரங்கத்தின் இருட்டில் கண்ணாடிக்குள் இன்னொரு மாலதி தெரிந்தாள்.

"நீ அவருக்குப் பின்னால நின்னே. பார்த்திருப்பே" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாதே. நீ சொன்னா நாளைக்கு நான் அதுக்காகத் தீர்ப்பு சொன்னதா ஆயிடும். நான் பார்த்ததை வெச்சுத்தான் சொன்னேன்."

"விதிப்படி அவர் பக்கம் சொல்லியிருக்கலாமே. யாரும் கேட்டிருக்க முடியாதே?"

"முடியாது. விதியைக் காட்டிட்டுப் போயிருக்கலாம். அந்த முணுமுணுத்த ஆள் நாலு வார்த்தை பேசியிருப்பான், அவ்வளவுதான். சிவம் அண்ணை வீட்டுக்கு நாளைக்குச் சந்தோஷமா சாப்பிடப் போயிருக்கலாம்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வாயைத் திறந்து கேட்டா, தெரியுமா. எவ்வளவுன்னு கேட்டா. கேட்டவ முன்னால அவர் சும்மா இருந்தார். என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விட்ட மனுஷன்."

பாதை பிரியும் இடம் வந்தது. இந்தத் தடவை இருவரும் விழித்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சிவம் அண்ணை வீட்டில் எங்களை முன்பே அழைத்திருந்தார்கள். போவதா வேண்டாமா என்று மாலதி காலை முழுவதும் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று போனும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவளே புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "வா, போறம்" என்றாள்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி பூமணி அக்கா. கடையில் கல்லாவில் பார்த்த அதே அம்மா. "வாங்கோ, உள்ளை வாங்கோ, குளிருது." சிவம் அண்ணை சமையலறையில் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "வா பிள்ளை" என்றார். வழக்கமாக இப்படித்தான் சொல்வாரா, இல்லை குறைவா என்று எனக்கு அளவு தெரியவில்லை. மாலதிக்குத் தெரிந்திருக்கும்.

சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, இறால் கறி, தேங்காய்ப் பாலில் அவித்த வெள்ளைக் கறி, கீரைச் சுண்டல் என்று அவர்கள் சொல்லும் பொரியல். எங்கள் ஊரில் தேங்காய் குழம்புக்கு வந்து போகும் விருந்தாளி; இங்கே வீட்டுக்காரர். எல்லோரும் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் ஒரு ஆப்பிள் மரம் இலை இல்லாமல் நின்றது. பனிக்குள் அது மரமா, மரத்தின் நினைப்பா என்று சொல்ல முடியவில்லை.

"நேற்று எப்பிடி விளையாட்டு? இவர் வந்ததிலையிருந்து வாயே திறக்கேல்லை" என்றார் பூமணி அக்கா.

மாலதியின் கை சோற்றில் நின்றது.

சிவம் அண்ணை அப்பளத்தை உடைத்தார். "மாலதி என்னை ஒரு சுற்று வெளியிலை விட்டிட்டாள்."

"என்னத்துக்கு?"

"என்ரை சிப்ஸ் கொஞ்சம் கைக்குப் பின்னாலை கிடந்திட்டுது."

பூமணி அக்கா கணவரைப் பார்த்தார். பிறகு மாலதியைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு சுற்றோ? கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் செய்ய நினைச்ச வேலை! உனக்கு ஏலுமாய்ப் போச்சு. இன்னும் கொஞ்சம் றால் போடு, பிள்ளை."

நான் சிரித்தேன். மாலதியும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். குனிந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை. சிவம் அண்ணை சிரிக்கவில்லை. ஆனால் இறால் கறிச் சட்டியை எட்டி எடுத்து மாலதியின் தட்டில் அவரே போட்டார்.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. கிளம்பினோம். பூமணி அக்கா மீதிக் கறியைச் சூடாக்கி ஒரு மூடி போட்ட சட்டியில் ஊற்றித் துணியால் கட்டினார். வாசல்வரை வந்தது சிவம் அண்ணை மட்டும். சட்டி அவர் கையில் இருந்தது. தெருவிளக்கைச் சுற்றிப் பனி மஞ்சளாகத் தேங்கி நின்றது. மாலதி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். நான் இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ, அண்ணை."

"நான் அதை வேணுமெண்டு செய்யேல்லை எண்டு சொன்னால் நம்புவியோ?"

மாலதி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லை, அண்ணை."

சிவம் அண்ணை தலையை ஆட்டினார். மிக மெதுவாக.

"நம்பாதை" என்றார். சட்டியை அவள் இரண்டு கைகளிலும் வைத்தார். "கறி சூடு. கவனமாப் பிடி."